ஆள் காலி

அந்த ஆளை அழித்த இடத்தில் ஒரு ஸ்விட்ச் போர்டு இருந்தது.

அதுதான் முதலில் உறுத்தியது. படத்தில் அவன் கூடத்துச் சுவரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, பெரிய இவன் மாதிரி சிரித்துக்கொண்டு நின்றிருந்தான். அவனை எடுத்துவிட்டால் காலியாகும் இடத்தில் அக்கம்பக்கத்து நிறத்தை இழுத்துப் பூசி மூடும், அவ்வளவுதான் படம் திருத்தும் அந்தப் புரோகிராமுக்குத் தெரியும். சுவர் பச்சை என்றால் பச்சை. அவன் முதுகுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று அதற்கு எந்த ஜோசியக்காரன் வந்து சொன்னான்? ஆனால் படத்தில் போர்டு இருந்தது. கீழ்மூலை உடைந்து, நடு ஸ்விட்சைச் சுற்றி விரல் அழுக்கு படிந்து. அவள் நாற்காலியைத் திருப்பிக் கூடத்தைப் பார்த்தாள். அதே போர்டு, அதே உடைசல், அதே அழுக்கு.

"வேற படத்துலேர்ந்து சுட்டிருக்கும்," என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு படத்தைத் திருத்தும் வேலை அந்தப் புரோகிராமுக்குக் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அவளுக்கு இருந்த ஆத்திரத்தில் யோசிக்க இடமில்லை.

இணையத்தில் துணியும் செருப்பும் விற்கும் ஒரு கம்பெனியில் அவளுக்குப் படம் திருத்தும் வேலை. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் படம் வரும். ஒவ்வொன்றையும் திறந்து, மவுஸைப் பிடித்து நகர்த்தி, வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தால் ஆயுசு போதாது. அதனால் அவள் புரோகிராமின் ஜன்னலைத் திறப்பதே இல்லை. கறுப்புத் திரையில் கட்டளையை எழுதி, எந்த ஃபோல்டர், என்ன செய்யணும், எங்கே சேமிக்கணும் என்று சொல்லிவிட்டால் அது கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். ஒரு படம் முடிந்தால் திரையில் ஒரு வரி வரும். அந்த வரிகளை மட்டும் பார்ப்பாள். ஆபீஸில் அவளுக்குப் பட்டப்பெயரே கறுப்புத்திரை. 'இவ படத்தைப் பார்க்காமலே படம் திருத்துறவ' என்று கிண்டல் பண்ணுவார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கையில், அதே கைவேலையைப் புருஷன் மேல் காட்ட உட்கார்ந்திருந்தாள்.

புருஷன் என்று சொல்லவே வாய் கூசியது. இன்னொருத்தியோடு வீடு பார்த்துக்கொண்டு போய், 'மிஷினோட எவன் குடித்தனம் பண்ணுவான்' என்று நாலு பேர் முன்னால் அவளைக் கேவலப்படுத்திவிட்டுப் போன ஆள். போனவன் போய்த் தொலைய வேண்டியதுதானே? இப்போது பிள்ளை வேண்டுமாம். பள்ளிக்கூட லீவு முழுக்க அங்கே இருக்கட்டுமாம். லீவு முடிந்ததும் பக்கத்திலேயே ஸ்கூல் பார்த்துவிட்டேன் என்பான். அப்புறம் வாண்டு அந்த வீட்டுப் பிள்ளை. அவளுக்கு இது கண்ணாடி மாதிரித் தெரிந்தது. அண்ணனுக்குத்தான் தெரியவில்லை. பஞ்சாயத்துப் பண்ணப் போனவர், தலையை ஆட்டிவிட்டு வந்து, காலையில் போனில் சொல்கிறார்: "சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன்னாரு. நானும் சரின்னுட்டேன்மா."

அதைவிட வாண்டு செய்ததுதான் நெஞ்சில் தைத்தது. ஆறு வயசு. விஷயம் காதில் விழுந்ததுமே பையை எடுத்துத் துணி அடுக்க ஆரம்பித்துவிட்டது.

"அப்பா வீட்டுல நாய்க்குட்டி இருக்காம்மா. நான் அதுகூடத்தான் தூங்குவேன்."

"போ. அங்கேயே போய் இரு. எனக்கென்ன?"

"நீயும் வாயேன்."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. குழந்தையின் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "பாரு, அப்படியே அப்பனை உரிச்சு வெச்சிருக்கு. இந்த மூஞ்சியோட என் முன்னாடி நிக்காத. போ உள்ள."

வாண்டு அழுதுகொண்டே படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. சொன்ன வாயை அறைந்துகொள்ளலாம் போல அவளுக்கு இருந்தது. ஆனாலும் எழுந்து போகவில்லை. கோபம் அவ்வளவு இருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

அவனுடைய பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்றை மாதிரியாகக் கொடுத்தாள். இந்த முகம் எந்தப் படத்தில் கண்டாலும் முதலில் முகத்தை மூடு, பிறகு உடம்பை, பிறகு நிழலை. பழைய படத்திலிருந்து புதிய படம்வரை வரிசையாகப் போ. திருத்தியதைப் பழையதன் மேலேயே சேமி. ஆபீஸில் அப்படித்தான் செய்வார்கள், இடம் மிச்சம். அங்கே மூலப்படம் எல்லாம் வேறொரு இடத்தில் பத்திரமாக இருக்கும். வீட்டில் இருந்தது இந்த ஒரே ஒரு பிரதிதான். அது அவளுக்குத் தெரியும், வேண்டுமென்றேதான் செய்தாள். பாதியில் நின்றுவிட்டால் தானாகவே எழுந்து விட்ட இடத்திலிருந்து தொடரவேண்டும் என்பதையும், எழுதி எழுதிப் பழகிய கை, அமைப்புக் கோப்பில் எழுதி முடித்தது. ஒவ்வொரு படம் முடிந்ததும் திரையில் வரவேண்டிய வரியை மட்டும் ரசித்து எழுதினாள்: ஆள் காலி.

ஒரு படத்தில் பரிசோதித்துப் பார்த்ததில் வந்ததுதான் அந்த ஸ்விட்ச் போர்டு. அதைப் பார்த்துவிட்டும் அவள் முழு ஃபோல்டருக்கும் கட்டளை கொடுத்தாள்.

ஆள் காலி. ஆள் காலி. ஆள் காலி.

வரிகள் மேலே ஏறிக்கொண்டே இருந்தன. கம்ப்யூட்டரின் மின்விசிறி இரைந்தது. ஜன்னல் விளிம்பில் மழைநீர் ஒரே தாளத்தில் சொட்டியது. ஈரத்துணியும் சூடேறிய பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு வாடை அறையில் சுற்றி வந்தது. ஒரு மட்டமான சந்தோஷம் அவள் வயிற்றிலிருந்து ஏறியது. எப்படி இருக்கிறது பார்ப்போமே என்று முடிந்த படங்களில் ஒன்றைத் திறந்தாள். பழைய சோபா. அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது யாருமில்லை. மெத்தை மட்டும் ஆள் உட்கார்ந்த பாரத்தில் பள்ளமாகக் குழிந்திருந்தது. அவள் சட்டென்று மூடிவிட்டாள்.

போன் அடித்தது. அண்ணன்.

"என்னம்மா, உங்கிட்ட ஏதோ சொல்லணும்னு போன எடுத்தேன். என்னன்னே மறந்துபோச்சு."

"அவர் எத்தனை மணிக்கு வர்றாராம்?"

"யாரு?"

"யாரா? காலையில அவ்வளவு வக்காலத்து வாங்கினீங்களே, அவருதான்."

"யாரைம்மா சொல்ற? எனக்கு ஒண்ணும் புரியல. உடம்பு கிடம்பு சரியில்லையா உனக்கு?"

நடிக்கிறார் என்று அவளுக்கு எரிந்தது. செய்வதையும் செய்துவிட்டு இப்போது ஒன்றும் தெரியாத பாப்பா வேஷம். "வைங்க," என்று துண்டித்தாள். ஆனால் அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயசிலிருந்தே வராது. பொய் சொன்னால் அவர் குரல் கீச்சென்று உடையும். இப்போது உடையவில்லை.

படுக்கையறைக் கதவு திறந்தது. வாண்டு வந்து நின்றது. கன்னத்தில் கண்ணீர்க் கோடு இன்னும் காயவில்லை.

"அம்மா, நான் எதுக்கும்மா அழுதேன்?"

அவள் நாற்காலியைக் குழந்தை பக்கம் திருப்பினாள்.

"என் துணியையெல்லாம் யாரு பைக்குள்ள போட்டது? நாம ஊருக்குப் போறோமா?"

"உனக்கு... அப்பா வர்றாருன்னு சொன்னேனே."

"அப்பாவா?" வாண்டு கொஞ்சம் யோசித்தது. அப்புறம் பெரியவர்களின் ஜோக் புரியாதபோது சிரிக்குமே, அப்படிச் சிரித்தது. "நமக்குத்தான் அப்பாவே இல்லையே."

பின்னங்கழுத்தில் ஜில்லென்று ஏதோ ஊர்ந்தது. பயம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் பயத்தின் தோளில் கைபோட்டுக்கொண்டு இன்னொன்றும் வந்தது. போனானா? ஒழிந்தானா? இனி பிள்ளையைக் கேட்க ஆளே இல்லையா? அப்படியானால் நல்லதுதானே. அவள் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். வாண்டு நெளிந்து விடுவித்துக்கொண்டு பொம்மையோடு விளையாட உள்ளே ஓடியது. சற்று நேரத்தில் அதன் பாட்டுக் கேட்டது, தானாகக் கட்டிய பாட்டு, பொம்மைக்குத் தலை வாரும் பாட்டு.

திரையில் வரிகள் நின்றிருந்தன. வேலை முடிந்தது. கடைசியாகச் சில வரிகள் மட்டும் வேறு மாதிரி இருந்தன: ஆள் இல்லை. அவன் பக்கவாட்டில் திரும்பிய படங்கள், ஹெல்மெட் போட்டவை, தூரத்தில் சின்னதாக நின்றவை. எல்லாம் அண்மையில் எடுத்தவை. முகம் சரியாகப் பொருந்தவில்லை என்று புரோகிராம் விட்டுவிட்டது. போகட்டும், இத்தோடு நிறுத்துவோம் என்று அவளுக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. உண்மையாகவே தோன்றியது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கீழே வண்டி வந்து நின்றது.

அந்த வண்டியின் சத்தம் அவளுக்குத் தெரியும். நிற்பதற்கு முன்னால் ஒருமுறை உறுமிவிட்டுத்தான் நிற்கும். அப்புறம் மாடிப்படியில் செருப்புச் சத்தம். இடது கால் லேசாக இழுபடும். அவசரமே இல்லாமல், இது இன்னும் தன் வீடுதான் என்கிற தோரணையில் அது ஏறி வந்தது. சிகரெட் வாடை கதவின் அடியிடுக்கு வழியாக உள்ளே வந்தது. பெல் அடித்தது.

அவள் கதவருகே போய்ப் பார்வைத் துளையில் கண்ணை வைத்தாள். படிக்கட்டு. கைப்பிடி. எதிர்வீட்டுப் பூட்டிய கதவு. யாருமில்லை.

பெல் அடித்தது.

கண்ணைக் கீழே இறக்கினாள். வாசலில் போட்டிருந்த கால்மிதி இரண்டு இடத்தில் அழுந்தியிருந்தது. ஈரம் அதிலிருந்து பிதுங்கி வழிந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடது பள்ளம் நிமிர்ந்து, சற்று முன்னால் மறுபடி அழுந்தியது. கதவுக்கு இன்னும் கிட்டே.

"யாரோ பெல் அடிக்கிறாங்கம்மா," உள்ளேயிருந்து வாண்டு கூப்பிட்டது. "திறக்கட்டா?"

"அசையாத. அங்கேயே இரு."

அடித்துப் பிடித்துக்கொண்டு கம்ப்யூட்டருக்கு ஓடினாள். பயம் பாதி, வெறி பாதி. அரைகுறையாக அழிந்து வந்து நிற்கிறான், அப்போதும் பிள்ளைதான் வேண்டுமா? நீ செத்தாலும் விடமாட்டாயா? முகம் எவ்வளவு பொருந்தவேண்டும் என்ற கறாரான அளவைத் தளர்த்தினாள். இன்னும் தளர்த்தினாள். பெல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் சாயல் இருந்தால்கூடப் போதும், மூடு. ஒரு ஃபோல்டர் இல்லை, வீட்டில் உள்ள எல்லாப் படமும். அவள் போன், வாண்டு விளையாடும் டேப்லெட், எதையும் விடாதே. எழுதி, தட்டினாள்.

ஆள் காலி. ஆள் காலி.

பெல் ஒரு அடியின் நடுவில் அறுந்து நின்றது.

சிகரெட் வாடை போய்விட்டது. கீழே வண்டியின் சூடான எஞ்சின் ஆறும் டிக் டிக் ஓசைகூட இல்லை. மழை மட்டும். அவள் போய்ப் பார்த்தாள். கால்மிதி மேடும் பள்ளமும் இல்லாமல் தட்டையாகக் கிடந்தது. கதவில் முதுகை வைத்துச் சரிந்து தரையில் உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது. 'மிஷின்டா, மிஷின்,' என்று காற்றைப் பார்த்துச் சொன்னாள். எத்தனை மாசத்துக் கோபம் கால் வழியாக இறங்கிப் போவது போல இருந்தது.

உள்ளே வாண்டு பாடிக்கொண்டிருந்தது. பாட்டில் வார்த்தை இல்லை. வெறும் முனகல். ம்ம், ம்ம், ம்ம்.

கம்ப்யூட்டரின் மின்விசிறி இன்னும் இரைந்தது.

ஏன்? அவன் படம்தான் அவ்வளவு இல்லையே.

எழுந்து போய்ப் பார்த்தாள். வரிகள் ஏறிக்கொண்டிருந்தன, முன்பைவிட வேகமாக. ஆள் காலி. ஆள் காலி. வரியின் ஓரத்தில் இருந்த படப் பெயர்களைப் படித்தாள். பால்வாடி முதல் நாள். மாறுவேடப் போட்டி. முதல் பல் விழுந்தது. அவன் இல்லாத படங்கள். கடைசியானது அவன் ஓடிப்போனதற்கு அப்புறம் எடுத்தது.

ஒன்றைத் திறந்தாள். ஒரு சின்ன சைக்கிள் தெருவில் நின்றது. ஸ்டாண்டு போடவில்லை. யாரும் பிடித்திருக்கவில்லை. சக்கரம் சுற்றுகிற மங்கலோடு, தானாக, நிமிர்ந்து.

இன்னொன்று. ஊஞ்சல் பின்னால் போய் ஆகாயத்தில் நின்றது. பலகையில் யாருமில்லை.

இன்னொன்று. ஆஸ்பத்திரிக் கட்டில். கலைந்த தலையோடு அவள். இரண்டு கையையும் குவித்து, எதையோ ஏந்தி, அதைப் பார்த்துச் சிரிக்கிறாள். கையில் ஒன்றுமில்லை.

அன்றைக்கு வாண்டுவைக் கையில் வாங்கினபோது எப்படி இருந்தது? நினைத்துப் பார்த்தாள். எவ்வளவு கனம்? முதலில் அழுததா, தூங்கியதா? வரவில்லை. அந்த இடத்தில் மனசுக்குள் கட்டில் இருந்தது, விரிப்பு இருந்தது, மருந்து வாடை இருந்தது.

அப்பனை உரித்து வைத்த முகம். கொஞ்சம் சாயல் இருந்தால் போதும், மூடு. அவள் எழுதியதுதான்.

"ஐயோ, என் தங்கமே."

நிறுத்தும் விசையை அழுத்தினாள். வரிகள் நின்றன. ஒரு மூச்சு விடும் நேரம். ஆள் காலி. மறுபடி எழுந்துவிட்டது. அழுத்தினாள். எழுந்தது. நின்றால் தானாக எழு, விட்ட இடத்திலிருந்து தொடர். அமைப்புக் கோப்பைத் திறந்து அந்த வரியைத் தேடினாள். எழுத்து கண்ணுக்குள் நீந்தியது. அழித்தாள், சேமித்தாள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வேலை அந்த மாற்றத்தைப் பார்க்கவே இல்லை. ஆள் காலி. ஆள் காலி. போன வருஷத்துப் படங்கள். போன மாசத்தவை. போன வாரம்.

உள்ளே முனகலும் நின்றது.

கடைசிப் படத்தின் பெயர் வந்தது. இன்றைய தேதி. டேப்லெட்டில் வாண்டு தன்னைத்தானே எடுத்துக்கொண்டது, காலையில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அழுவதற்கு முன்னால்.

அதன் பக்கத்தில், வேலை எதுவரை வந்தது என்று காட்டும் வரி: முகம் மூடியாச்சு.

மேஜைக்கடியில் பாய்ந்து வயரைப் பிடித்து இழுத்தாள். பிளக் பொறியோடு பிய்ந்து வந்தது. மின்விசிறி இரைச்சல் தேய்ந்து அடங்கியது. திரை அணைந்தது.

உடம்புக்குப் போகவில்லை. போவதற்குள் நிறுத்திவிட்டாள். மேஜைக்கடியிலேயே மண்டியிட்டு அதை மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டாள். போவதற்குள் நிறுத்திட்டேன். நிறுத்திட்டேன்.

"வாண்டு?"

பதில் இல்லை. எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். படுக்கையறைக் கதவு ஒருக்களித்திருந்தது, தள்ளினாள்.

வாண்டு இருந்தது.

கட்டிலின் மேல், அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தது. இரட்டைப் பின்னல். தோள்பட்டையில் நழுவிய கவுன். மடியில் பொம்மை. முழங்கையில் பழைய சிராய்ப்பு. எல்லாம் இருந்தது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இனி ஒருநாளும் திட்டமாட்டேன், அப்பன் வேண்டுமானால் அப்பனை எங்கிருந்தாவது தேடிக் கொண்டுவருகிறேன், நாய்க்குட்டி வாங்கித் தருகிறேன்.

"என் கண்ணு. அம்மா மேல கோவமா? திரும்பிப் பாரும்மா."

குழந்தை திரும்பியது.

கட்டிலில் ஊதாவும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட விரிப்பு. சுவரோரம் அதே துணியில் தைத்த தலையணைகள். தலையணையின் கோடுகள் குழந்தையின் இடது காதுவரை வந்தன. வலது காதிலிருந்து மறுபடி ஆரம்பித்துப் போயின. நடுவில், வகிடுக்கும் தாடைக்கும் இடையில், அதே கோடுகள் ஓர் இழைகூட விலகாமல் நேராக ஓடின. ஊதா, வெள்ளை, ஊதா. ஒட்டு தெரியவில்லை. நல்ல வேலை. கட்டங்கள் மூச்சுக்கு மூச்சு லேசாகப் புடைத்து அடங்கின.

வாண்டு பொம்மையை விட்டுவிட்டு, தூக்கம் வந்தால் செய்வது போலக் கண்ணைக் கசக்கிக்கொள்ளக் கையைத் தூக்கியது. சின்ன விரல்கள் கட்டங்களின் மேல் இங்கும் அங்குமாகத் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தன.